குடியாத்தம் தந்த தீர்ப்பு

பொதுத்தேர்தல்களுக்கு வரலாற்று நூல்களில் இயல்கள் ஒதுக்கப்படுகின்றன. இடைத்தேர்தல்களுக்குக் கிடைப்பதோ ஓரிரு வரிகளே. அதில் வியப்பில்லை. உறுப்பினர் ஒருவர் மறைகிறார், அல்லது பதவி விலகுகிறார். சட்டமன்றத்தில் ஓரிடம் காலியாகிறது. ஒரே ஒரு தொகுதி மீண்டும் வாக்களிக்கிறது. பெரும்பாலும் ஆட்சி மாறுவதில்லை. அவையின் கட்சிக் கணக்கில் ஓர் எண் கூடும் அல்லது குறையும். ஆயினும், ஆட்சியாளருக்கும் மக்களுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதைப் பொதுத்தேர்தலைவிடத் தெளிவாகக் காட்டிய இடைத்தேர்தல்களும் உண்டு. 1954ஆம் ஆண்டு குடியாத்தத்தில் நடந்தது அத்தகைய ஒன்று.

அதன் பொருளை உணர இரண்டாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1952இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டப்பேரவையின் 375 இடங்களில் காங்கிரசு வென்றவை 152. தனிப்பெரும்பான்மை இல்லாத அந்நிலையில் ஆட்சியமைக்க மூதறிஞர் இராஜாஜி அழைக்கப்பட்டார். அவர் தேர்தலில் நின்றவர் அல்லர். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரைச் சட்ட மேலவைக்கு நியமித்தார். அவ்வழியே அவர் முதலமைச்சரானார். கம்யூனிஸ்டுத் தலைவர் பி. இராமமூர்த்தி இந்நியமனத்தை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றார். அவர் மனு ஏற்கப்படவில்லை.

மேலவையின் நியமன இடங்கள், இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகத் தொண்டு ஆகியவற்றில் சிறந்தோர்க்கென அரசியலமைப்பு ஒதுக்கியவை. இராஜாஜிக்கு அத்தகுதி இல்லை என்று எவரும் கூற இயலாது. அவருடைய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. எனவே குறை தகுதியில் இல்லை, வழியில் இருந்தது. எழுத்தாளருக்கும் அறிஞருக்கும் திறந்து வைக்கப்பட்ட வாயில் வழியே நாட்டின் ஆட்சி நுழைந்தது. இலக்கிய அன்பர்களாகிய நாம் இதை எண்ணிப் பார்க்கலாம். நம்மை அவையில் அமர்த்திப் பெருமைப்படுத்துவது ஒன்று. மக்களைக் கேளாமல் அவர்களை ஆளும் உரிமை தருவது முற்றிலும் வேறொன்று.

1953இல் இராஜாஜி கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தில் இந்த வேறுபாடு கண்கூடாயிற்று. ஊர்ப்புறப் பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியில் பயில வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்துப் போராடினர். காங்கிரசுக்குள்ளேயும் மனக்குறை வளர்ந்தது. 1954 வசந்தத்தில் இராஜாஜி விலகினார். சட்டமன்றக் காங்கிரசுக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசர் 93 வாக்குகளும், இராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். 1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் எண்மர் கொண்ட தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் காமராசரும் அன்று சட்டமன்ற உறுப்பினர் அல்லர். அவர் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அரசியலமைப்பின் 164ஆம் பிரிவு, உறுப்பினரல்லாத ஒருவர் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்க இடந்தருகிறது. அதற்குள் பேரவையிலோ மேலவையிலோ அவர் உறுப்பினராக வேண்டும். இரண்டு வாயில்களும் சட்டத்துக்கு உடன்பட்டவையே. மேலவை வாயில் எளியது. முன்னவர் சென்று காட்டியது. காமராசர் பேரவைக்கே போட்டியிட முடிவு செய்தார். வட ஆர்க்காடு மாவட்டத்தின் குடியாத்தத்தில் காலியாக இருந்த இடத்திற்கு அவர் வேட்பாளரானார்.

விருதுநகரில் பிறந்தவருக்குக் குடியாத்தம் சொந்த மண் அன்று. கௌண்டன்ய நதிக்கரையில் அமைந்த நெசவாளர் ஊர் அது. கைத்தறிக் கைலிக்குப் பெயர்பெற்றது. தந்தையின் தொழிலையே மகன் கற்க வேண்டும் என்ற திட்டத்தின் பொருள், தறியோடு வாழும் மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. மே 18 அன்று கல்வியமைச்சர் சுப்பிரமணியம் அத்திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார். ஆட்சி செய்த முதற் பெருஞ்செயலோடு, அவ்வாட்சியின் தலைவர் வாக்காளர்முன் சென்று நின்றார்.

இத்தேர்தலைப் பற்றி மேடைகளில் வழங்கும் செய்தி ஒன்றைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. காமராசரிடம் கொண்ட மதிப்பினால் தி.மு.க. தன் வேட்பாளரை நிறுத்தாமல் விட்டது என்பர். உண்மையில் அக்கழகம் அன்று தேர்தல் களத்திற்கே வரவில்லை. தேர்தலில் ஈடுபடுவதென 1956ஆம் ஆண்டு திருச்சி மாநாட்டில்தான் அது முடிவு செய்தது. 1957இல்தான் முதன்முதலாகப் போட்டியிட்டது. ஆகவே விட்டுக்கொடுக்க அதனிடம் வேட்பாளர் இல்லை. அது தந்தது ஆதரவு. காங்கிரசைக் கடுமையாகச் சாடிவந்த பேரறிஞர் அண்ணா, அக்கட்சியின் முதலமைச்சரை வாழ்த்தி எழுதினார். தேர்தல் அரசியலில் நில்லாத பெரியாரும் அவரை ஆதரித்தார். கட்சி எல்லை கடந்த இந்தப் பண்பு போற்றத்தக்கதே. அதைப் போற்ற, நடவாத ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

புகழுரைகளில் மறக்கப்படும் மற்றொருவர் உண்டு. முதலமைச்சரை எதிர்த்துக் கம்யூனிஸ்டுக் கட்சியின் வி. கே. கோதண்டராமன் போட்டியிட்டார். ஆட்சியிலிருப்பவர், எதிர்க்கருத்தினரும் வாழ்த்தும் தலைவர், அண்மையில் மக்கள் விரும்பாத திட்டத்தைக் கைவிட்டவர்: இவருக்கு எதிராக வெற்றி கிட்டாதென்பதை அவர் அறியாதிருக்க மாட்டார். ஆயினும் அவர் நின்றார். காமராசர் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்றார். கோதண்டராமன் நில்லாதிருந்தால் குடியாத்தத்தில் வாக்குப்பதிவே நிகழ்ந்திராமற் போயிருக்கலாம். போட்டியின்றித் தேர்வு என்ற அறிவிப்போடு செய்தி முடிந்திருக்கும். வாழ்த்துப் பெற்றுச் செல்வது வேறு. வாக்குப் பெற்றுச் செல்வது வேறு. அன்று காமராசர் பெற்றது வாக்கு. அதற்கு அவருடைய எதிராளிக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

குடியாத்தம் ஒரு மரபை நிலைநாட்டிவிட்டதா? இல்லை என்பதே நேர்மையான விடை. 1967இல் அண்ணா முதலமைச்சரானபோது, தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்; அவர் மேலவை உறுப்பினராகவே ஆட்சி நடத்தினார். அவர் பெற்ற மக்கள் ஆதரவை எவரும் ஐயுற்றதில்லை. எனினும், 1954இல் காமராசர் சென்ற வழி கட்டாயமன்று, அவரே தெரிந்துகொண்டது என்பதை இது காட்டுகிறது.

1986இல் தமிழக மேலவை நீக்கப்பட்ட பின் அத்தெரிவுக்கே இடமில்லை. உறுப்பினரல்லாத முதலமைச்சருக்கு இடைத்தேர்தல் ஒன்றே வழி. 2001 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், உறுப்பினராகும் தகுதி இல்லாதவருக்கு அந்த ஆறு மாத வாய்ப்பும் இல்லை எனத் தீர்ப்பளித்தது. செல்வி ஜெயலலிதா பதவி இழந்தார். பின்னர் 2002 பிப்ரவரியில் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்று, மார்ச்சில் மீண்டும் முதலமைச்சரானார். 2015இல் இராதாகிருட்டிணன் நகரில் முதலமைச்சராக அவர் இடைத்தேர்தலைச் சந்தித்தபோது தி.மு.க. போட்டியிடவில்லை, இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் சி. மகேந்திரன் எதிர்த்து நின்றார். குடியாத்தத்தின் காட்சி அறுபத்தோராண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்தது போலிருந்தது.

இன்று விதிகள் முன்னினும் இறுக்கமானவை. காலியான இடத்தைப் பொதுவாக ஆறு மாதத்திற்குள் நிரப்ப வேண்டும் என்னும் பிரிவு 1996இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்தது. ஆனால் விதி இறுகிய காலத்திலேயே உள்ளீடு நெகிழ்ந்தது. 2009ஆம் ஆண்டு இடைத்தேர்தலுக்குப் பின் திருமங்கலம் என்னும் ஊர்ப்பெயர், வாக்குக்குப் பணம் என்பதற்கு வாய்பாடாக வழங்கத் தொடங்கியது. அதே இராதாகிருட்டிணன் நகரில் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தல், வாக்காளர்க்குப் பணம் வழங்கிய புகாரினால் தேர்தல் ஆணையத்தால் நிறுத்தப்பட்டு, திசம்பரில்தான் நடந்தது. ஒரே தொகுதி என்பதால் அமைச்சர் எல்லாரும் அங்கே குவிகின்றனர். ஒரே தொகுதி என்பதால் பணமும் அங்கே குவிகிறது.

காமராசர் 1967இல் தம் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றார். 1969 தொடக்கத்தில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று வென்றார். அதிகாரத்தின் உச்சியில் இருந்தபோதும், அதை இழந்து நின்றபோதும், காலியான ஓரிடத்திற்காக அவர் மக்களிடமே சென்றார். குடியாத்தத்து நெசவாளரிடம் அவர் கேட்டது ஒரு கேள்வியே: நான் ஆளலாமா? அக்கேள்வி உண்மையாக இருக்க, இல்லை என்று சொல்லும் உரிமை வாக்காளருக்கு இருக்க வேண்டும். அதைச் சொல்ல எதிரே ஒருவர் நிற்கவும் வேண்டும். 1954இல் இரண்டும் இருந்தன. விடையை விலைகொடுத்து வாங்கிவிட்டுக் கேட்கப்படும் கேள்வி, கேள்வியே அன்று. சொல்லின் மதிப்பை அறிந்த கவிஞர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.