எழுத்துரு விடாத விண்டோஸ்

கற்பிட்டிப் பக்கத்தில் கணினி திருத்தும் வேலை எனக்கு. லினக்ஸ் இலவசம் என்று இங்கே சொல்லிப் பயனில்லை. விண்டோசையும் பலர் காசு கொடுத்து வாங்கியதில்லை. கடையில் ஏற்றிக் கொடுத்த பிரதிதான். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் நோக்கம் விலை அல்ல, நிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமை. திருட்டுப் பிரதி ஓடும் ஊரில் அந்த வித்தியாசம் எடுபடாது.

லினக்ஸ்காரர் பலருக்கு விண்டோஸ் பாவிப்பவர் விபரமறியாதவர். மற்றப் பக்கத்துக்கு இவர்கள் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் கிறுக்கர்கள். இத்தனைக்கும் எல்லார் கையிலும் இருக்கும் அண்ட்ரொயிட் போனின் கரு லினக்ஸ். 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனோரைப் பதிய இலங்கையர் எழுதிய சஹானாவும் திறந்த மூல மென்பொருள்தான்.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம் 2.0 வசதியும் புதிய புரொசசரும் வேண்டும். பழைய மடிக்கணினிகள் பல அதில் அடிபட்டுப் போகின்றன. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் போடலாம் என்றால் உடனே வரும் கேள்வி: "தம்பி, நம்மட தமிழ் வருமா?"

நியாயமான கேள்வி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரையில் தங்கிய முஸ்லிம் குடும்பங்களின் காணி மனுக்களும் பெயர்ப்பட்டியல்களும் என்னிடம் வரும்போது பெரும்பாலும் பாமினியில்தான் இருக்கும். பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். லினக்ஸ் தமிழை அழித்துவிட்டதென்று பயந்து திரும்பியவர்கள் உண்டு.

எதுவும் அழியவில்லை. பாமினி எழுத்துருக் கோப்பை லினக்சிலும் நிறுவலாம். லிப்ரே ஒஃபிசில் பழைய மனு அப்படியே தெரியும். ஆனாலும் யுனிகோட்டுக்கு மாற்றி ஒரு பிரதி வைப்பதே பாதுகாப்பு. மூலக் கோப்பை மட்டும் அழிக்க வேண்டாம். மாற்றியவுடன் அடையாள அட்டை இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய இலக்கத்தின் கடைசியில் வரும் ஆங்கில 'வி', பாமினிக் கணக்கில் 'ஏ' ஆகிவிடும். காணிக் கந்தோரில் அந்த ஓரெழுத்துக்காகவே மனுவைத் திருப்பித் தரலாம்.