குறுந்தட்டிலிருந்து யூடியூப் வரை: இந்தோனேசிய டங்டுட் இசையும் ஒளிபரப்பின் வாயிற்காவலும்

இந்தோனேசிய இணையக் காணொலிப் பண்பாடு யூடியூப்பின் வருகையோடு தொடங்கியது என்று கொள்வது எளிது. அந்நாட்டு வெகுசன இசையான டங்டுட்டின் வரலாறு இக்கருத்துக்கு இடந்தரவில்லை. ஒளிபரப்பு வாயில் அடைத்ததைப் படியெடுத்துப் பரப்பும் பழக்கம் இணையத்துக்கு முன்பே அங்கு வேரூன்றியிருந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மலாய் இசைக்குழு மரபோடு இந்தித் திரைப்பாடல்களின் செல்வாக்கும் கலந்து உருவானது டங்டுட். முழவின் ஒலிக்குறிப்பே அதன் பெயராயிற்று. 1970களில் மின்கிதாரை முதன்மைப்படுத்தி அதற்குப் புதுவடிவம் தந்தவர் ரோமா இராமா. 1962இல் தொடங்கிய அரசுத் தொலைக்காட்சியான டி.வி.ஆர்.ஐ.க்கு 1989 வரை போட்டியாளர் இல்லை. 1977 தேர்தலில் ஆளுந்தரப்பை எதிர்த்து நின்ற இஸ்லாமியக் கட்சிக்காகப் பரப்புரை செய்த இராமாவுக்கு அதன் கதவு பல்லாண்டுகள் அடைபட்டது. ஆயினும் ஒலிநாடாவும் திரைப்படமும் அவர் புகழை மங்கவிடவில்லை.

1998இல் சுகார்த்தோ ஆட்சி வீழ்ந்த காலத்தில் வி.சி.டி. குறுந்தட்டு மலிவுப் பொருளாகிவிட்டிருந்தது. கிழக்கு ஜாவாவின் திருமண, விருத்தசேதன விருந்துகளில் 'கொப்ளோ' என்னும் விரைவுத்தாள டங்டுட் முழங்கியது. அம்மேடைகளைக் கைக்காமிராவில் பதிவுசெய்தோர் குறுந்தட்டுகளாக்கிச் சந்தைகளில் விற்றனர். பாசுருவான் பகுதிப் பாடகி இனுல் டாராதிஸ்டாவை நாடு முதலில் அறிந்தது இத்தட்டுகளின் வழியேதான். இடையைச் சுழற்றும் அவரது ஆட்டம், துளைபோடும் கருவியின் பெயரால் 'ஙெபோர்' எனப்பட்டது. விற்ற தட்டுகளால் பாடகிக்கு நேரடி வருவாய் இல்லை. மேடைக்கூலி மட்டுமே அவருடையது. எனினும் அத்தட்டுகள் இன்றி 2003இல் தலைநகரத் தொலைக்காட்சிகள் அவரைத் தேடி வந்திருக்குமா என்பது ஐயமே. இத்திருட்டுப் படிகளை வெறும் களவாக மட்டும் மதிப்பிடும் பார்வை இதனால் போதாததாகிறது.

அவ்வாண்டே இனுலின் ஆட்டம் ஒழுக்கக்கேடு என்று கடிந்து, தம் பாடல்களை அவர் பாடலாகாது எனத் தடுத்தவர் ரோமா இராமாவேதான். அரசுத் தொலைக்காட்சியால் விலக்கப்பட்டவரே இன்னொருவரை விலக்க முற்பட்டார். முன்னது அரசியல் விலக்கு, பின்னது சமய ஒழுக்கத்தின் பெயரால் எழுந்தது என்னும் வேறுபாடு உண்மையே. ஆனால், எது பொதுப்பார்வைக்கு உரியது என்பதை மேலிருப்போர் முடிவுசெய்வது இரண்டுக்கும் பொது. இனுலுக்கு ஆதரவாகப் பலர் குரல்கொடுத்தனர். 2008இல் நிறைவேறிய ஆபாசத் தடைச் சட்டத்துக்கு முந்தைய விவாதங்களிலும் அவர் பெயர் அடிபட்டது.

யூடியூப் பரவியபோது இப்பழக்கம் புதிய கருவியைப் பெற்றது. இடையில் நின்ற தட்டு வணிகர் மறைந்தார். 2011இல் கோரோந்தாலோவைச் சேர்ந்த காவலர் நோர்மான் கமாரு, சீருடையில் பணியிடத்தில் அமர்ந்தபடியே ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த 'சைய்யா சைய்யா' பாடலுக்கு வாயசைத்த காணொலி நாடெங்கும் பரவியது. தமிழர் 'உயிரே' படத்தில் கேட்ட மெட்டின் இந்தி வடிவம் அது. டங்டுட்டைச் செழிக்கவைத்த இந்தித் திரையிசை மீதான பற்று இங்கே காவலரின் உதட்டில் வெளிப்பட்டது. மேலதிகாரிகள் முதலில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிப் பேசினர். மக்கள் ஆதரவு பெருகவே அவரைப் பாராட்டத் தலைப்பட்டனர். தொலைக்காட்சி அழைப்புகள் குவிந்தன. பாடகராக விரும்பிய அவர் பணிக்கு வராதிருந்த காரணத்தால், அவ்வாண்டு முடிவதற்குள் காவல்துறையிலிருந்து நீக்கப்பட்டார்.