அரசறிவியலும் எமது பாட்டிமாரும்

அலுவிகாரையில் படித்த நாம் எல்லோரும் ஒருமுறையாவது குகை விகாரைக்கு வரிசையாக நடந்து போயிருப்போம். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது இங்கேதான் என்று ஆசிரியைமார் சொல்லித் தந்தார்கள்.

எழுத்தில் இல்லாதது எப்படிக் கைநழுவும் என்பதை எமது பாட்டிமார் வேறு விதமாக அறிந்திருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனாரும் இங்கு பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். மாத்தளைத் தோட்டங்களில், லயன் காம்பராக்களில் பிறந்த பலரிடம் அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைச் சரிபாதியாகப் பிரிப்பதற்கு மேலும் பத்து ஆண்டுகள் சென்றன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே, அதுவரையிலும் இங்கு நாடற்றவர்களாய் எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்தது.

இதையெல்லாம் முறையாக விளக்கும் பாடம் அரசறிவியல். ஆனால் நாம் உயர்தரம் படித்த காலத்தில், கெட்டிக்காரப் பிள்ளை என்றால் உயிரியல் பிரிவு. அரசறிவியல் "லேசான பாடம்". வைத்தியர்களான நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். பிரசவ விடுதியில், அடையாள அட்டை இல்லாத தாயின் குழந்தைக்குப் பிறப்புப் பதிவு செய்யச் சொல்லி வற்புறுத்தியபோதுதான் எமது அறிவின் குறை விளங்கியது. அந்தத் தாய்க்கு மருந்தோடு சட்டமும் நிர்வாகமும் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

அரசறிவியல் படித்தவர்களுக்குப் பாதைகள் பல. நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவைப் போட்டிப் பரீட்சைகள் உள்ளன. கற்பித்தல், ஊடகம், சட்டம், மனித உரிமைப் பணி உள்ளன. பேராதனையில் இப்பாடத்தைக் கற்பித்த பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன், பின்னர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்திலிருந்து எமது நாட்டு அரசியலை உலகுக்கு விளக்கினார். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அந்த ஆசனங்களில் அமர்வோர் சட்டங்களை வாசித்தறிந்தவர்களாக இருக்க வேண்டாமா?

எங்கெங்கோ வாழும் தோழியரே, இந்த நூற்றாண்டில் சங்கம் வழங்கும் புலமைப்பரிசில்களில் ஒன்றையாவது கலைப்பிரிவில் அரசறிவியல் கற்கும் ஒரு தங்கைக்கு ஒதுக்குவோம். "டொக்டராக வேண்டாமா?" என்று அவளிடம் கேட்காதிருப்போம்.