பெயரில்லாத கடற்கரை

பள்ளிக்கூடத்தில் 'ஸைன்' வளைவைக் கரும்பலகையில் கண்டாலே எனக்குத் தூக்கம் வந்துவிடும். அந்த வளைவை நம்பித்தான் 1944-ல் லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் நார்மண்டிக் கரையில் இறங்கினார்கள் என்று பின்னால் படித்தபோது விழித்துக்கொண்டேன்.

கரையில் ஜெர்மானியர் தடைக் கம்பங்களை நட்டிருந்தார்கள். நீர் ஏறினால் அவை மறைந்துவிடும். ஆகவே, விடிந்ததும் கடல் வற்றியிருக்கும் நாள் வேண்டும். கணிக்கும் பொறுப்பு லிவர்பூலுக்கு அருகே பிட்ஸ்டனில் இருந்த ஆர்தர் டூட்ஸனிடம் வந்தது. 1943 அக்டோபரில் அவருக்கு வந்த கடிதத்தில் எண்கள் இருந்தன, ஊர்ப்பெயர் இல்லை!

கெல்வின் பிரபு 1870-களில் வகுத்த முறையில் அமைந்த இயந்திரம் அவரிடம் இருந்தது. அதில் சந்திரனுக்கு ஒரு சக்கரம். ஒரு சுற்றுக்கு 12 மணி 25 நிமிஷம். சூரியனுக்கு ஒன்று, சரியாக 12 மணி. சுற்றுக்கு ஆகும் நேரம்தான் 'பீரியட்'. நாளைக்கு எத்தனை சுற்று என்பது 'ஃப்ரீக்வென்ஸி'. ஒன்று கூடினால் மற்றது குறையும். இதற்குத்தானா அத்தனை தூக்கம்! இரண்டு சக்கரங்களும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சேர்ந்து ஏறி இறங்கும். அப்போது கடல் பொங்குவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். இப்படிப் பல சக்கரங்களின் ஏற்ற இறக்கங்களை ஒரே கம்பி கூட்டிக் கோடாக வரைந்தது.

ஜூன் 5, 6, 7 பொருத்தமான நாட்கள் என்று தெரிந்தது. 5-ந் தேதியைப் புயல் கெடுத்தது. 6-ந் தேதி விடிந்தபோது வற்றிய கரையில் கம்பங்கள் தெரிந்தன. ஓமஹா என்று பெயரிட்ட பகுதியில், குண்டு மழைக்கு நடுவே அவற்றை முழுதும் அகற்றுவதற்குள் நீர் ஏறிவிட்டது.