பாடும் நீலக்கல்



பள்ளி ஆய்வகத்தில் பார்த்த மயில்துத்தத்தின் நீலம் நினைவிருக்கிறதா? அந்த நீலத்தைத் தரும் செம்புதான் பூமிக்குள் அசுரைட் என்ற இன்னொரு நீலத்தையும் உண்டாக்குகிறது. செம்புத் தாதுள்ள சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் நெடுங்காலம் இறங்கினால் இது படியும். நாளாக ஆக மாலகைட் என்ற பச்சைக் கல்லாகவும் மாறும்.

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இந்த நீலமும் பச்சையும் கலந்த பெரும் பாளம் ஒன்று இருக்கிறது. எடை சுமார் 4 டன். ஒரு யானைக்குச் சமம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதை வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் காற்றின் ஈரப்பதம் மாறும்போதெல்லாம் அது கீச்சென்று ஒலி எழுப்பியதாம். அதனால் ‘பாடும் கல்’ என்று பெயர். (அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வசமயப் பேரவையில்தான் விவேகானந்தர் பேசினார்.)

கல் வந்த ஊர் அரிசோனா மாநிலத்தின் பிஸ்பி. அங்கிருந்த காப்பர் குவீன் சுரங்கத்தில் இப்படிப்பட்ட நீலக் கற்களை உலையில் போட்டுத்தான் செம்பு எடுத்தார்கள். உருகிப் போனவை எத்தனையோ, இது தப்பியது. சுரங்கம் பெல்ப்ஸ் டாட்ஜ் கம்பெனியுடையது. எனக்கு அந்தக் கல்லைவிட அதை வெட்டிய ஊரின் கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

1917 ஜூன் கடைசியில் பிஸ்பி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெடி வைக்காதே என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. இதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, பாருங்கள்! முதல் உலகப் போர்க்காலம். செம்புக்கு நல்ல கிராக்கி. வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குத் தேசத்துரோகிப் பட்டம் கட்டுவது சுலபமாக இருந்தது.

ஜூலை 12 விடியற்காலையில் ஷெரீப் ஹாரி வீலரின் தலைமையில் சுமார் 2,000 பேர் கையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு வீடு வீடாக இறங்கினார்கள். செய்தி வெளியே போகாதபடி தந்தியையும் அடக்கிவிட்டார்கள். பிடித்தவர்களை வாரன் பேஸ்பால் மைதானத்துக்கு நடத்திப் போய், ஏறத்தாழ 1,200 பேரை மாட்டு வண்டிப் பெட்டிகள் பூட்டிய ரயிலில் ஏற்றினார்கள். பெட்டிகளில் சாணம்; வெளியே பாலைவன வெயில். மெக்சிகோக்காரர்கள், கிழக்கு ஐரோப்பியர்கள், வேலைநிறுத்தத்தில் சேராதவர்கள்கூட அதில் இருந்தார்கள். பதினாறு மணி நேரப் பயணத்துக்குப் பின் நியூ மெக்சிகோவில் இறக்கிவிட்டு, ‘திரும்பி வராதீர்கள்’ என்றார்கள். ரயிலும் கம்பெனியின் ரயில்தான்.

அப்போது கம்பெனித் தலைவர் வால்டர் டக்ளஸ். காப்பர் குவீனை வளர்த்தெடுத்த ஜேம்ஸ் டக்ளஸின் மகன். 1918இல் அவர் உட்படப் பலர்மீது வழக்குப் போட்டார்கள். கூட்டரசுச் சட்டம் எதுவும் மீறப்படவில்லை, அது மாநிலத்தின் விவகாரம் என்று 1920இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநிலத்திலும் ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை.

பிஸ்பியின் நிலத்தடிச் சுரங்கங்கள் 1975இல் மூடப்பட்டன. அந்த மைதானம் இன்றும் இருக்கிறது, பேஸ்பால் ஆடுகிறார்கள்.