வார்சாவில் செய்த எனிக்மா

ஜெர்மன் ராணுவத்தின் எனிக்மா சங்கேத இயந்திரத்தை மரியன் ரெயெவ்ஸ்கி பார்த்ததில்லை. கடையில் விற்ற வணிக மாதிரி ஒன்றுதான் கையில் இருந்தது. ராணுவ இயந்திரத்தில் உள்ளே ஓடும் கம்பிகள் வேறு. போலந்தின் சங்கேத அலுவலகம் 1929இல் போஸ்னான் பல்கலைக்கழகக் கணித மாணவர்களுக்கு வகுப்பெடுத்துப் பொறுக்கியெடுத்தவர்களில் ஒருவர் அவர். அந்தக் கம்பிகளின் புதிரை அவர் அவிழ்த்த 1932 டிசம்பரில் வயது 27.

ஜெர்மானியர்கள் ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் மூன்றெழுத்துச் சாவியை இரண்டு முறை தட்டினார்கள். அதனால் முதல் எழுத்துக்கும் நான்காம் எழுத்துக்கும் ஓர் உறவு இருந்தது. இரண்டுக்கும் ஐந்துக்கும், மூன்றுக்கும் ஆறுக்கும் அப்படியே. ஒரே நாளில் பிடித்த செய்திகளை அடுக்கி, அந்த உறவுகளை வரிசைமாற்றங்களாக எழுதிச் சமன்பாடு அமைத்தார். ஜெர்மன் அலுவலர் ஒருவர் பிரெஞ்சு உளவுத்துறைக்கு விற்ற சாவிப் பட்டியலும் வந்து சேர்ந்தது. அப்போதும் கணக்கு மசியவில்லை. விசைகளிலிருந்து, எழுத்துகளை மாற்றும் உருளைகளுக்குப் போகும் கம்பிகள் எந்த வரிசையில் இருக்கும்? வணிக மாதிரியில் விசைப்பலகையின் வரிசை. ராணுவம் வெறும் அகரவரிசையை வைத்திருந்தால்? போட்டுப் பார்த்தார். உருளைக்குள் இருந்த இணைப்புகள் தாளில் இறங்கிவிட்டன. கணிதத்தால் ஒரு நாட்டுக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்தத் தாளை வைத்து வார்சாவின் ஆவா தொழிற்கூடம் எனிக்மாவின் நகல்கள் செய்தது. 1939 ஜூலையில், போர் நெருங்கியபோது, வார்சாவுக்கு வெளியே பிரி காட்டில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் விருந்தினர்களிடம் போலந்துக்காரர்கள் எல்லாவற்றையும் திறந்து காட்டினார்கள். பிரிட்டனின் சங்கேத நிபுணர் டில்லி நாக்ஸ் கேட்டது அதே கம்பி வரிசையைத்தான். அவர் முட்டிக்கொண்டிருந்த இடமும் அதுவே. இரண்டு நகல்கள் பாரிஸுக்குப் போயின. ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சு அதிகாரி பெர்த்ரான் ஒன்றை லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஸ்டூவர்ட் மென்சீஸிடம் ஒப்படைத்தார். செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது.

ரெயெவ்ஸ்கி ருமேனியா, பிரான்ஸ், ஸ்பெயின் சிறை எல்லாம் கடந்து 1943இல் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார். அவர் கண்டுபிடித்ததை அடித்தளமாக வைத்து பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க் எனிக்மாவை உடைத்துக்கொண்டிருந்தது. அவரை மட்டும் உள்ளே சேர்க்கவில்லை. போலந்துப் படைப்பிரிவு ஒன்றில், கையால் எழுதும் எளிய சங்கேதங்களை உடைக்க உட்கார வைத்தார்கள். இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1946இல் ஊர் திரும்பியவர் பிட்கோஷ்ச் நகரத்தில் அலுவலக வேலைகள் பார்த்தார். இருபதாண்டுகளுக்கு மேல் வாய் திறக்கவில்லை. 1967இல் நினைவுக்குறிப்பு எழுதி ராணுவ வரலாற்று நிறுவனத்தில் கொடுத்தார். எனிக்மாவை உடைத்த வரிசைமாற்றக் கணக்கு கணித இதழொன்றில் அவர் பெயரில் வந்தது 1980இல். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் இறந்தார்.