விண்டோஸ் சாவியும் என் பிரெஞ்சுக் காதும்

கணினியில் விண்டோஸை ஏற்றும்போது அது கேட்கும் 25 எழுத்துச் சாவியைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நாம் அதைப் பீரோச் சாவி போலப் பாதுகாத்தோம்.

தொடக்கத்தில் அது அவ்வளவு நீளமில்லை. 1995 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் 95-ஐக் கடையில் தனியாக வாங்கினால், சாவி பத்து இலக்கம்தான். முதலில் மூன்று, பிறகு ஏழு. அந்த ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழால் மீதியின்றி வகுபட வேண்டும். முக்கியமான சோதனை அவ்வளவே. பத்து இடத்திலும் ஒன்று போட்டாலும் திறந்துகொள்ளும்! செலான் சரிபார்த்தே காலம் தள்ளிய எனக்கு, பின்னாளில் இதை அறிந்தபோது சிரிப்பு வந்தது.

விண்டோஸ் 98-இல் ஐந்தைந்தாக 25 ஆனது. ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் அதில் வராது. பூஜ்யம், ஒன்று, ஐந்து ஆகியவையும் வராது. ஓ-வையும் பூஜ்யத்தையும் மாற்றிப் படித்துவிடக் கூடாதல்லவா? ஆனால் பி-யையும் எட்டையும் விட்டுவைத்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட எங்களைக் கேட்டிருக்கலாம்.

2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தது. சாவி போட்டால் மட்டும் போதாது, 30 நாளுக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்யவும் வேண்டும். பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த சாவிக்கு இந்தப் பதிவு தேவையில்லை. அப்படி ஒன்று, எக்ஸ்பி விற்பனைக்கு வருமுன்பே வெளியே கசிந்து ஊரெல்லாம் பரவியது. 2002-இல் வந்த திருத்தத் தொகுப்பில் அதைத் தடுத்தார்கள்.

நான் 2003-இல் எக்ஸ்பியோடு கணினி வாங்கினேன். 2006-இல் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. எக்ஸ்பிக்குள்ளேயே சாவி மறைவாகப் பதிந்திருக்கும், அதைப் படித்துச் சொல்லும் சிறு மென்பொருள்களும் உண்டு. டிஸ்க்கே செத்தபின் எதைப் படிப்பது? பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வீட்டுக்காரி சந்தனம் வைத்து, மறுநாள் ஈரத்துணியால் துடைத்ததில் முதல் மூன்று கொத்தும் அழிந்திருந்தன. கடைசி இரண்டு மட்டும் மிச்சம்.

"ஊருக்கெல்லாம் ஒரே சாவிதான் சார், போட்டுத் தர்றேன்" என்றான் பழுதுபார்க்க வந்த தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. காசு கொடுத்து, ரசீதும் வாங்கிய பொருளுக்குத் திருட்டுச் சாவியா? முப்பது வருடம் அடுத்தவர் கணக்கில் குற்றம் கண்டுபிடித்தவன் நான்.

வாங்கிய அன்று கடைப் பையன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, வைப்புநிதி விவரம் எழுதும் நோட்டில் நான் குறித்திருந்தேன். பரணிலிருந்து தேடி எடுத்துப் போட்டால், ஏற்கவில்லை. நான்கு முறை அடித்தும் அதே பதில். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை ஸ்டிக்கர் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தேன். கடைசிக் கொத்தில் ஓரெழுத்து மாறியிருந்தது. ஸ்டிக்கரில் ஆங்கிலத்தின் ஏழாவது எழுத்து, நோட்டில் பத்தாவது.

அப்போதுதான் புரிந்தது. புதுச்சேரியில் பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன் நான். ஆங்கிலத்தில் ஏழாவது எழுத்து 'ஜி', பத்தாவது 'ஜே'. பிரெஞ்சிலோ ஏழாவதன் பெயர் ஏறக்குறைய 'ஜே', பத்தாவதன் பெயர் 'ஜி'. கடைப் பையன் ஆங்கிலத்தில் 'ஜி' என்றான், என் கை பிரெஞ்சில் எழுதியது. ஆங்கில 'ஈ'யைக் கேட்டாலும் பிரெஞ்சு 'ஐ'யைத்தான் எழுதியிருப்பேன். நல்லவேளை, சாவியில் உயிரெழுத்தே இல்லை.

அழிந்த கொத்துகளுக்குரிய வரியில் இந்த இரண்டெழுத்தும் மூன்று இடங்களில் வந்தன. எல்லாவற்றையும் மாற்றிப் போட்டு அடித்தேன். ஏற்றுக்கொண்டது!

2012-இல் விண்டோஸ் 8 வந்தபின், கணினியோடு சேர்த்து விற்கும் விண்டோஸின் சாவியை மதர்போர்டிலேயே பதித்துவிட்டார்கள். ஸ்டிக்கரில் சாவி அச்சிடும் வழக்கம் போயிற்று.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு எழுத்தையும் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருக்கிறேன்.